எரிமலை மண் ஏன் சரிகிறது: வரைபடம் காட்டுவதும் விட்டுவிடுவதும்

உகாண்டாவுக்கும் கென்யாவுக்கும் நடுவே எல்லைக்கோடு ஓடும் இடத்தில் எல்கன் மலை நிற்கிறது. எப்போதோ அணைந்துபோன எரிமலை. உயரம் 4,321 மீட்டர்; அடிவாரத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் அகலம். தூரத்திலிருந்து பார்த்தால் இது எரிமலை என்றே தோன்றாது, அவ்வளவு பரந்து தாழ்ந்த சாய்வு. அதன் உகாண்டாப் பக்கச் சரிவில் இருக்கிறது புடுடா மாவட்டம். வாழையும் காப்பியும் செழித்து வளரும் மண், அந்நாட்டுக் கிராமப்புறங்களிலேயே மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று. 2010 மார்ச் 1 அன்று, விடாமல் பெய்த மழைக்குப் பின், நமெட்சி என்ற ஊரின் மேலிருந்த சரிவு பெயர்ந்து வந்து கடைத்தெருவையும் சுகாதார நிலையத்தையும் வீடுகளையும் மூடியது. மீட்கப்பட்ட உடல்கள் சுமார் 100. மண்ணுக்குள்ளேயே போனவர்களையும் சேர்த்தால் இறந்தவர்கள் 300-ஐத் தாண்டுவார்கள் என்று கணக்கிட்டார்கள்.

மறுநாள் செய்திகளில் காரணம் ஒரே சொல்லில் முடிந்தது: மழை. பொய்யில்லை, ஆனால் பாதிகூட இல்லை. அதே மழை அன்று பக்கத்துச் சரிவிலும் பெய்தது, அது அசையவில்லை. ஏன் இந்தச் சரிவு, ஏன் அது அல்ல என்று கேட்பவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை, இதுவரை சரிந்த இடங்களையெல்லாம் ஒரு படத்தில் குறிப்பது. புள்ளிகள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தால் காரணம் பிடிபடும் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் பிடிபடுகிறது. சில நேரம், படம் வரைந்த விதமே காரணமாக வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நான் அதிகம் பேச நினைக்கிறேன். அதற்கு முன் மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

வளமும் வலுவின்மையும் ஒரே இடத்திலிருந்து

எரிமலைப் பாறை பூமியின் ஆழத்திலிருந்து வந்து சட்டெனக் குளிர்ந்தது. சாம்பலில் பெரும்பகுதி படிகமாகக்கூட நேரம் கிடைக்காமல் கண்ணாடித் துகளாக உறைந்தது. கண்ணாடி எளிதில் சிதையும். வெப்பமண்டலத்தின் சூடும் ஓயாத ஈரமும் சேர்ந்தால், பாறை பத்து இருபது மீட்டர் ஆழம் வரை மண்ணாகிவிடும். சிதையும்போது கால்சியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் விடுபடுகின்றன. செடிக்கு அது விருந்து. மக்கள் ஏன் இந்தச் செங்குத்துச் சரிவுகளில் போய்க் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடையும் அதுதான். ஆனால் அதே சிதைவு பாறையைக் களிமண்ணாகவும் மாற்றுகிறது.

எப்படிப்பட்ட களிமண் என்பது வயதைப் பொறுத்தது. இளம் சாம்பலில் அலோஃபேன் என்ற, ஒழுங்கான படிக அமைப்பில்லாத பொருள் உருவாகிறது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். முதலில் உதிரியாக, கனமே இல்லாமல், தோட்டத்து மண்ணைப்போல இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். நான்கைந்து முறை தேய்த்ததும் அது சட்டென வழுவழுப்பாகி விரலில் நீர் கசியும். வெளியிலிருந்து யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உள்ளே இருந்ததுதான். தன் உலர்ந்த எடையைவிட அதிக எடை நீரைச் சுமந்துகொண்டு திடப்பொருள்போல் நடிக்கக்கூடிய மண் அது. அமைப்பு குலையும் வரை நிற்கும், குலைந்ததும் குழம்பாக ஓடும். காலம் செல்லச் செல்ல அலோஃபேன் ஹாலோய்சைட்டாகவும் பின்னர் மற்றக் களிகளாகவும் மாறும். எல்கன்போன்ற மிகப் பழைய எரிமலைகளில் கனத்த, நீரை எளிதில் கீழே விடாத களிமண்தான் ஆள்கிறது.

மண்ணைப்போலவே அடுக்குகளும் முக்கியம். எரிமலை ஒரே மூச்சில் கட்டப்படுவதில்லை. ஒரு முறை எரிமலைக் குழம்பு ஓடும், பிறகு சாம்பல் விழும், பிறகு சில ஆயிரம் ஆண்டு அமைதி. அந்த அமைதியில் மேலே மண் உருவாகி மரம் வளரும். மீண்டும் குழம்பு வந்து அந்த மண்ணைப் புதைக்கும். மழைநீர் வெடிப்புள்ள குழம்புப் பாறை வழியே வேகமாக இறங்கி, புதைந்த களிமண் அடுக்கில் போய் முட்டி நிற்கிறது. அங்கே நீரழுத்தம் ஏறுகிறது. மண்ணின் துகள்கள் ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்துக்கொள்வதால்தான் சரிவு நிற்கிறது. நடுவே புகுந்த நீர் அவற்றை விலக்கித் தள்ளும்போது பிடி தளர்கிறது. மேலிருக்கும் எடை மாறவே இல்லை, ஆனால் உராய்வு குறைந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. சற்றே ஈரமான சாம்பல் மண் சுவர்போல் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். கடற்கரை ஈரமணலில் கோட்டை கட்ட முடிவதும் இதனால்தான்: துகள்களுக்கிடையே உள்ள கொஞ்ச நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பத்து ஆண்டு நின்ற வெட்டைப் பார்த்து ‘கெட்டியான மண்’ என்று வீடு கட்டுகிறார்கள். நீர் நிறைந்ததும் அந்த இழுவிசை காணாமல் போகிறது. நிலம் அதிர்ந்தாலும் ஆபத்துதான். எல் சால்வடாரில் 2001 ஜனவரி 13 அன்று நிலநடுக்கம் வந்தபோது, சாண்டா டெக்லா நகரத்தை ஒட்டிய முகட்டில் பழைய எரிமலைப் படிவுகளால் ஆன சரிவு பிய்ந்து லாஸ் கொலினாஸ் குடியிருப்பின் மேல் விழுந்தது. சுமார் 585 பேர் இறந்தார்கள். ஜனவரி அங்கே வறண்ட மாதம்.

நிகராகுவாவின் காசிட்டா எரிமலையில் வேறொன்று நடந்தது. எரிமலையின் உள்ளிருந்து வரும் சூடான, அமிலம் கலந்த நீராவி பல்லாயிரம் ஆண்டுகள் பாறையைச் சமைத்துக் களிமண்ணாக்கியிருந்தது. வெளியே பாறை, உள்ளே பிசைந்த மாவு. 1998 அக்டோபர் 30 அன்று மிட்ச் சூறாவளி கொண்டுவந்த மழையில் உச்சிக்கருகே ஒரு பகுதி பெயர்ந்தது. ஓடைகளின் நீரையும் வழியிலிருந்த படிவுகளையும் அள்ளிச் சேர்த்துக்கொண்டு, கிளம்பியதைவிடப் பல மடங்காகப் பெருத்து, எல் போர்வெனிர், ரோலாண்டோ ரோட்ரிகஸ் என்ற இரண்டு ஊர்களைத் துடைத்துக்கொண்டு போனது. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எரிமலை அன்று வெடிக்கவில்லை.

மழை நின்ற பிறகு

மழைக்கும் சரிவுக்கும் இடையே உள்ள கணக்கும் நேரானதல்ல. ஓரிரு மீட்டர் ஆழமுள்ள மேலோட்டச் சரிவுகளுக்குச் சில மணி நேரக் கொட்டல் போதும். ஆழத்தில் உடையும் பெரிய சரிவுகளுக்கு நீர் இறங்கிச் சேர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். பிலிப்பைன்ஸின் லேத்தே தீவில் 2006 பிப்ரவரி 17 அன்று கின்சாகோன் கிராமம் புதைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பள்ளிக்கூடம் பிள்ளைகளோடு போனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பே கனமழை ஓய்ந்திருந்தது. மலையோ பிலிப்பைன் பிளவுக்கோடு அறுத்துச் செல்லும் எரிமலைப் பாறை. மழை நின்றதும் அபாயம் நீங்கியது என்று நினைத்து வீடு திரும்புவதுதான் இங்கே கொடிய தவறு.

இனி மனிதர் பங்கு. மரத்தை வெட்டினால் மண் சரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம்; அது எப்போது சரியும் என்பதுதான் சுவையான பகுதி. வெட்டிய அன்று வேர் சாவதில்லை. அடிமரம் மட்கி, வேர்களின் பிடி தளர்ந்து, புதிய செடிகளின் வேர் இன்னும் ஆழம் போகாத இடைவெளியில்தான் சரிவு மிகவும் பலவீனமாகிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கும் ருவாண்டாவுக்கும் இடையிலுள்ள கிவு ஏரியைச் சுற்றியுள்ள மலைகளில், 1950-களில் எடுத்த வான்படங்கள் வரை பின்னோக்கிப் போய்ச் செய்த ஆய்வு ஒன்று, காடு அழிந்தபின் சரிவுகள் பெருகும் காலம் ஏறத்தாழ 15 ஆண்டு நீடித்துப் பிறகு தணிகிறது என்று கண்டது. தணிவதற்குக் காரணம் நல்லதல்ல: சரியக்கூடிய மண்ணெல்லாம் சரிந்து முடிந்திருக்கும்.

படம் வரைவது எப்படி

எல்கன் மலைக்கே திரும்புவோம். 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் புடுடாப் பகுதியை நடந்தே அளந்து 98 சரிவுகளைக் குறித்தார்கள். மொத்தத்தில் இடம்பெயர்ந்த மண் சுமார் 1.1 கோடி கன மீட்டர். அந்தப் புள்ளிகள் சொன்னது தெளிவாக இருந்தது. சரிவுகள் செங்குத்தான, உட்குழிந்த சாய்வுகளில் கூடின. முகட்டை ஒட்டி அல்ல, முகட்டிலிருந்து கணிசமான தூரம் இறங்கியபின் தொடங்கின. வடகிழக்கு நோக்கிய சாய்வுகளில் அதிகம், மழை பெரும்பாலும் வரும் திசை அது. முதல் இரண்டும் ஒரே கதையின் இரு பக்கம்: குழிந்த சாய்வு சுற்றியுள்ள நீரையெல்லாம் நடுவில் திரட்டும், முகட்டிலிருந்து கீழே வரவர, திரட்டிய நீர் கூடும். இவற்றோடு, வீடு கட்டவும் பாதை போடவும் சரிவின் அடியை வெட்டிய இடங்களையும் அவர்கள் கண்டார்கள். அடியை வெட்டுவது என்றால் மேலிருப்பதைத் தாங்கும் ஆதாரத்தை எடுத்துவிடுவது.

இந்த வெட்டுகளைக் கவனியுங்கள். ஒரு குடும்பம் வீட்டுக்குச் சமதளம் எடுக்க இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு மண்ணைச் செதுக்குகிறது. நடந்துபோகிறவர் கண்ணில் அது படும். இப்போதோ பெரும்பாலான அபாய வரைபடங்கள் கணினியில் பிறக்கின்றன. சாய்வைக் கணக்கிட அவை எடுத்துக்கொள்ளும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ரேடார் கொண்டு அளந்தது போன்ற 30 மீட்டர்க் கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் வீடு, முற்றம், வெட்டு, பின்னாலுள்ள வாழைத்தோட்டம் எல்லாம் அடங்கி ஒரே சராசரி எண்ணாகிவிடும். வெட்டு மறைந்துவிடும். பிறகு கணினியிடம் ‘காரணம் என்ன’ என்று கேட்டால், தன்னிடம் இருப்பதைத்தானே சொல்லும்: சாய்வு, மழை, மண்வகை. ‘மனிதச் செயல்பாட்டின் பங்கு குறைவு’ என்று முடிக்கும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம், இவர்கள் எத்தனை மீட்டர்க் கட்டத்தில் பார்த்தார்கள் என்று முதலில் தேடுவது என் பழக்கம்.

மழைத் தரவும் அப்படியே. மலையில் மழைமானிகள் மிகக் குறைவு, இருப்பவை பெரும்பாலும் அடிவார நகரங்களில். அதனால் செயற்கைக்கோள் மழை மதிப்பீடுகளை எடுக்கிறார்கள். அவற்றில் நுணுக்கமானவையே அரை மணிக்கொரு முறை, நிலநடுக்கோட்டருகே சுமார் 11 கிலோமீட்டர்ச் சதுரங்களாக வருகின்றன. எரிமலைச் சரிவில் 11 கிலோமீட்டர் என்பது ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் மேலாக இருக்கலாம். மலை முகட்டில் மேகம் முட்டிக் கொட்டும் மழையும் அடிவாரத்துத் தூறலும் அங்கே ஒரே எண்.

சரிந்த இடங்களையே கண்டுபிடிப்பது தனிப் பாடு. பத்து மீட்டர் நுணுக்கத்தில் ஐந்து நாளுக்கொரு முறை படம் தரும் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015-க்குப் பின் இலவசமாகக் கிடைக்கின்றன. சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் பச்சை எங்கே செம்மண்ணாக மாறியது என்று பார்த்தால் வடு தெரிந்துவிடும் என்பது பொது முறை. ஆனால் மழைக்காலத்து வெப்பமண்டல மலையில் ஐந்து நாளுக்கொரு படம் என்றால் ஐந்து நாளுக்கொரு மேகம். மேகம் விலகித் தெளிவான படம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடலாம். அதற்குள் புல் முளைத்திருக்கும். நிலத்துக்குத் தவிக்கும் குடும்பம் அந்த வடுவின் மீதே பயிர் வைத்திருக்கும். ஓரிரு ஆண்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. இருபது மீட்டர் அகலச் சரிவு என்றால் படத்தில் இரண்டே புள்ளிதான். மேகத்தை ஊடுருவும் ரேடார் உதவும், ஆனால் செங்குத்துச் சரிவில் அது நிழலும் திரிபும் காட்டும். கண்ணால் பார்த்துப் பொருள்கொள்ள அனுபவம் வேண்டும்.

காட்டுக்குள் நடக்கும் சரிவுகள் இன்னும் மோசமாகத் தவறவிடப்படுகின்றன. சிறு சரிவு மரக்கூரைக்குக் கீழே ஒளிந்துவிடும், வயலில் நடந்த அதே அளவு சரிவோ பளிச்சென்று தெரியும். விளைவாக, காட்டில் சரிவே இல்லை என்று படம் சொல்லும். காடு காக்கிறது என்பது உண்மைதான். இப்படிப்பட்ட படம் அதை உள்ளதைவிட மிகைப்படுத்தும். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை அனுப்பி இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொடும் லைடார் இதைச் சரிசெய்யும், ஆனால் செலவு பெரிது. சாலைகளின் விஷயத்தில் கோளாறு மறுபக்கம்: நடந்து குறிப்பவர்கள் சாலையோரம் போகிறார்கள், சாலையோரச் சரிவுகளே பதிவாகின்றன. சாலை வெட்டுகள் உண்மையிலேயே சரிவை உண்டாக்குகின்றன என்பதால், எது காரணம், எது பார்வையின் வழி என்று பிரிப்பது கடினமாகிறது.

உயிரோடு நேராகத் தொடர்புடைய ஒன்றைச் சொல்ல வேண்டும். சரிவை ஒரு புள்ளியாகக் குறிப்பதா, முழு உருவமாக வரைவதா? உருவம் என்றால் பிய்ந்த இடத்தை மட்டுமா, மண் ஓடி வந்து படிந்த இடத்தையும் சேர்த்தா? காசிட்டாவில் அழிந்த ஊர்கள் உச்சியிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், மெல்லிய சாய்வில் இருந்தன. பிய்ந்த இடத்தை மட்டும் கொடுத்துக் கணினியைப் பழக்கினால், அந்த ஊர்கள் பாதுகாப்பான பச்சையில் விழும். படிந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்தால், சமதளமும் சரியும் என்று அது கற்றுக்கொண்டு குழம்பும். தொடங்கும் இடத்துக்கு ஒரு படம், ஓடும் பாதைக்கு வேறொரு படம் என்று இரண்டாக வரைவதே சரி. நடைமுறையில் முதலாவது வரையப்பட்டு, இரண்டாவது ‘அடுத்த கட்டப் பணி’ என்று தள்ளப்படுவதே வழக்கம்.

காசிட்டாவில் அளவே தவறியதும் நடந்தது. பெயர்ந்த பாறையின் கன அளவு முதலில் சுமார் 2 லட்சம் கன மீட்டர் என்று மதிப்பிடப்பட்டது. பின்னர் வான்படங்களை இணைத்து முப்பரிமாணமாக அளந்தபோது அது ஏறக்குறைய 16 லட்சம் என்று தெரிந்தது. எட்டு மடங்கு. இப்படிப்பட்ட எண்ணை வைத்துத்தானே அடுத்த சரிவு எவ்வளவு தூரம் ஓடும் என்று கணக்கிடுவார்கள்.

நகரத்துக்குக் கீழே நகரும் மலை

எல்லாச் சரிவும் ஒரே இரவில் முடிவதில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசின் புகாவு நகரம் கிவு ஏரிக்கரையில், ஆழமாகச் சிதைந்த பழைய பசால்ட் பாறையின் (இறுகிய எரிமலைக் குழம்பு) மேல் இருக்கிறது. அதன் ஃபுனு பகுதியில் சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, அதன் மேல் சுமார் 80,000 பேர் குடியிருக்கிறார்கள். சில இடங்களில் நகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வரை போகிறது. சுவர்கள் விரியும், கதவுகள் மூடாது, குழாய்கள் இழுபட்டு உடையும். உடைந்த குழாயின் நீர் நிலத்துக்குள்ளேயே இறங்கும்.

பழைய வான்படங்களிலிருந்து இன்றைய ரேடார் அளவீடு வரை சுமார் எழுபது ஆண்டுத் தரவைக் கோத்துப் பார்த்த ஆய்வு, வீடுகள் நெருங்க நெருங்க நகர்வும் வேகமெடுத்ததைக் காட்டியது. கூரைநீர், கழிவுநீர், கசியும் குழாய் என்று மழையோடு சேர்ந்து நிலத்துக்குள் போகும் நீர் கூடியிருக்கிறது. சரிவு குழாயை உடைக்கிறது, குழாய் சரிவை ஊட்டுகிறது. ஒரு நாள் படத்தில் இது எதுவும் தெரியாது. அதில் ஃபுனு ஒரு சாதாரணக் குன்றுப் பகுதி. பல்லாண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததால்தான் வேகம் என்ற ஒன்று தென்பட்டது.

அவ்வளவு நீண்ட தரவு வாய்க்காத இடங்களில் இன்னொரு வழி பிடிபட்டு வருகிறது. மேற்கு உகாண்டாவின் ருவென்சோரி மலைப்பகுதியில் 2017 முதல் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கைபேசிச் செயலி வழியே சரிவுகளைப் பதிவு செய்ய வைத்தார்கள். ருவென்சோரி எரிமலையல்ல, ஆனால் சிக்கல் ஒன்றுதான். இவர்கள் சரிவு நடந்த சில நாட்களுக்குள் போய்ச் சேர்கிறார்கள், புல் முளைக்கும் முன். எந்தக் குடும்பம் எங்கே வெட்டியது, ஊற்று எந்தப் பக்கம் புதிதாகக் கிளம்பியது என்று கேட்டு எழுத முடிகிறது. எல்லாவற்றையும்விட, சரிந்தது எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரித்துப் படிவத்தில் நிரப்புகிறார்கள். மேகம் விலகக் காத்திருக்கும் செயற்கைக்கோளுக்கு, ஒரு சரிவு எந்த மாதம் நடந்தது என்பதே பல சமயம் தெரியாது. மணி தெரிந்தால்தான், அந்தச் சரிவு எத்தனை மணி நேர மழையைத் தாங்கியது என்று பின்னோக்கி எண்ண முடியும்.